முகம் வரையும் பெண்ணைக் கோலம் போடச் சொன்னார்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு ஓவியம் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் ஒருத்தி கவின்கலை படித்தவள். ஒருமுறை பார்த்த முகத்தை மறுநாள் தாளில் கொண்டுவந்துவிடுவாள். சாட்சி சொல்வதை வைத்துக் குற்றவாளியின் முகத்தை வரையும் தடயவியல் ஓவியர் ஆக வேண்டும் என்று ஆசை. ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு தற்காலிக வேலைக்கு நேர்காணல் போனாள். "ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமாம்மா?", "நைட்டு கூப்பிட்டா வீட்ல விடுவாங்களா?", "கல்யாணம் எப்போ?" இவ்வளவுதான் கேள்வி. கொண்டுபோன ஓவியங்களை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தது. ஆனால் சாட்சியோடு உட்கார்ந்து வரைய, அவளுக்குப் பின்னால் சேர்ந்த பையனைத்தான் அனுப்பினார்கள். ஆயுத பூஜைக்குக் கோலம் போடவும், மேலதிகாரி வந்தால் பூங்கொத்து கொடுக்கவும் அவள். கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தத் தொழிலையே வளர்த்தெடுத்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பெட்டி பேட் கேட்லிஃப் 1967இல் தன் முதல் மண்டையோட்டுக்கு முகம் கொடுத்தார். பென்சில் அழிக்கும் ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி எலும்பின்மேல் ஒட்டுவார். நெற்றியில் தசை மெலிது, அங்கே சின்னத் துண்டு. கன்னத்தில் தடிமன் கூட, அங்கே நீளத் துண்டு. அந்த உயரத்துக்குக் களிமண்ணை நிரப்பிக்கொண்டே வர, மூக்கும் உதடும் எழும்பும். தொடர்கொலைகாரன் கேசி கொன்றவர்களில் அடையாளம் தெரியாமல் கிடந்த ஒன்பது பேருக்கு 1980இல் அப்படி முகம் செய்தார். அவரிடம் மயக்கம் வருமா என்று கேட்டிருக்க வேண்டும்!

ஹூஸ்டனில் லோயிஸ் கிப்சன் 1982இல் போலீசுக்கு வரையத் தொடங்கினார். நிரந்தர வேலை 1989இல்தான் கிடைத்தது. அவர் வரைந்த படங்களால் அடையாளம் தெரிந்த குற்றவாளிகள் 750 பேருக்கு மேல், கின்னஸ் சாதனை. இளம்வயதில் தானே ஒரு கொடூரத் தாக்குதலில் உயிர்தப்பியவர் அவர். நடுங்கிக்கொண்டிருக்கும் சாட்சியிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

இவ்வளவு தூரம் போவானேன்? கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளின் முகங்களை 2025இல் பார்த்தோமே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவற்றை உருவாக்கியது லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வுக்கூடம். அதன் தலைவர் கரோலின் வில்கின்சன் என்ற பெண்மணி. நம் மூதாதையருக்கு முகம் கொடுக்க ஒரு பெண் போதும், நம் ஊர்த் திருடனை வரைய மட்டும் போதாதா?

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்கிறது சட்டம். சரி, தாக்கியவனின் முகத்தைப் படமாக வரையும்போது? அவன் கண் எப்படி, வாய் எப்படி என்று மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். புகாரைவிட இதுதான் பெரிய வேதனை. எதிரே பென்சிலோடு இருப்பவர் பெண்ணாக இருக்கட்டும் என்று அவள் கேட்டால், கொடுக்க நம்மிடம் ஆள் வேண்டாமா?

என் மாணவி எங்கே போய் முறையிடுவாள்? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பணியிடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தாலே பாலியல் தொல்லைக்குப் புகார்க் குழு வேண்டும். கோலம் போடச் சொன்னார்கள் என்று அங்கே போய் நின்றால், "இதுல என்னம்மா தொல்லை?" என்பார்கள். பெண்ணின் திறமை இப்படித்தான், சத்தமில்லாமல், அவமதிக்கப்படுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது. அதற்கு மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆள் எடுத்தே ஆக வேண்டும். புதுச்சேரி அரசு ஓவியருக்கும் நிரந்தரப் பணியிடம் ஒதுக்கட்டும். ஒரு சாட்சியை உட்காரவைத்து, வரையச் சொல்லித் தேர்வு வையுங்கள். கல்யாணக் கேள்வி வேண்டாம். பையன் நன்றாக வரைந்தால் அவனையே எடுங்கள்.