சோம்பேறிப் பட்டம்

“சும்மா காசு கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான்?” வேலை நிபந்தனையின்றிப் பணம் தரும் அடிப்படை வருமானம் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து விழுகிறது. டீக்கடையிலும் கேட்கிறது, பொருளாதார மாநாட்டிலும் கேட்கிறது. கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஏழை என்றால் சோம்பேறி என்ற தீர்ப்பு அவர் மனத்தில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு. அதற்கான சான்று அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த ஒரு சோதனையிலேயே இருக்கிறது.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் டாஃபின் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 10,000. அங்கே 1974 முதல் 1979 வரை நடந்த ‘மின்கம்’ சோதனையில், வருமானம் குறைந்த எந்தக் குடும்பமும் அரசிடம் உதவித்தொகை பெறலாம். உழைத்து ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் உதவித்தொகையில் 50 சென்ட்தான் கழியும். ஆகவே வேலைக்குப் போகிறவரின் கையில் எப்போதும் கூடுதலாகவே பணம் நின்றது.

பின்னர் ஆட்சிகள் மாறின. இறுதி அறிக்கைகூட எழுதாமல் சோதனையை மூடினார்கள். ஆவணங்கள் சுமார் 1,800 பெட்டிகளில் முடங்கின. பிறகு, அதே சோதனை நடந்த வின்னிபெக் நகரத்தின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: வேலைநேரம் குறைந்ததா? குறைந்தது, ஆண்களிடம் 1 சதவீதம், மனைவியரிடம் 3, மணமாகாத பெண்களிடம் 5. இவ்வளவுக்கா இத்தனை கூச்சல்?

வேறு கேள்வியோடு வந்தார் மனிடோபா பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில் பணியாற்றிய எவெலின் ஃபோர்ஜே. டாஃபின் மக்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்து, அவர்களைப் போன்ற பிற ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டார். 2011இல் வெளியான அவரது ஆய்வின்படி, மருத்துவமனையில் சேர்வது 8.5 சதவீதம் குறைந்திருந்தது. குறிப்பாக விபத்து, காயம், மனநலக் கோளாறு ஆகியவற்றுக்காகச் சேர்ந்தவர்கள் குறைந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பைத் தொடர்ந்த பிள்ளைகள் கூடினார்கள். வேலைநேரத்தை மட்டும் எண்ணியவர்களின் கணக்கில் இவை எதுவும் ஏறவே இல்லை.

அடுத்து சமூகவியலாளர் டேவிட் கால்னிட்ஸ்கி. டாஃபினில் வேலையிலிருந்து விலகியவர்கள் வின்னிபெக்கைவிட அதிகம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஏன் விலகினார்கள் என்று அவர்களே சொன்ன காரணங்களையும் படித்தார். வீட்டாரைப் பராமரிப்பது, நோய், படிப்பு, உள்ளூரில் நிலையான வேலை இல்லாமை. பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாயைச் சோம்பேறி என்று சொல்ல எந்த வாய்க்குத் துணிவு வரும்?

நம் நாட்டுக்கு இது ஒத்துவராது என்பார்கள். 2011இல் மத்தியப் பிரதேச கிராமங்களில் பெண் தொழிலாளர்களின் ‘சேவா’ அமைப்பு யுனிசெஃப் உதவியோடு இதைச் செய்து பார்த்தது. முதலில் பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். மக்கள் சோம்பிக் கிடக்கவில்லை. கூலிக்குப் போனவர்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள், ஆடுமாடு வாங்கினார்கள். சிறுமிகளின் உடல் எடை தேறியது.

“இதற்கெல்லாம் பணம் எங்கே?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கணக்கு. கொடுக்கும் தொகையைச் செலவில் எழுதுகிறவர்கள், காலியாகும் மருத்துவமனைப் படுக்கையையும் நிற்காமல் தொடரும் படிப்பையும் வரவில் எழுதுவதில்லை. நிதித்துறை மட்டும் உட்கார்ந்து திட்டம் தீட்டினால் கணக்கு இப்படித்தான் வரும்.

ஆகவே ஒரு வட்டாரத்துக்கு அடிப்படை வருமானம் வகுக்கும்போது மருத்துவரும் ஆசிரியரும் சமூகவியலாளரும் உழவுத்தொழில் அறிந்தவரும் பொருளியலாளருக்குச் சமமாக முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும். எதை அளப்பது என்பதைச் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும். பணம் வாங்கப்போகும் பெண்களையும் அந்த முடிவில் சேர்க்க வேண்டும். டாஃபின் மக்களின் உடல்நலம் தேறியதை உலகம் அறிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அடுத்த ஊரின் ஏழைகளையும் அப்படிக் காத்திருக்க வைக்க நமக்கு உரிமையில்லை.