பையின் முன்பக்கத்துக்கு வரும் வரி

அமெரிக்க விலங்குணவுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ 2023இல் செல்லப்பிராணி உணவு லேபல்களுக்கான மாதிரி விதிகளைத் திருத்தியது. நிறுவனங்கள் மாறிக்கொள்ள ஆறு ஆண்டு அவகாசம். இந்த உணவு எந்த விலங்கின் எந்தப் பருவத்துக்கு என்ற வசனம் இனிமேல் பையின் முன்பக்கத்தில், கீழ் மூன்றிலொரு பகுதியில் இருக்கவேண்டும். இதில் நம் இதழின் நிலைப்பாடு என்ன என்று பலர் கேட்டுவிட்டீர்கள். வரவேற்கிறோம். ஆனால் அந்த வரி யாழ்ப்பாணத்தில் வாசிக்கப்படப் போவதில்லை. அதனால் இங்கே செய்யவேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது.

வளர்ந்தபின் 70 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 32 கிலோ, அதற்கு மேல் வரும் நாய்களின் வளர்ச்சிக்குப் பொருத்தமா என்பதை 2016இலிருந்தே பையில் சொல்லவேண்டியிருக்கிறது. 'பெருநாய்களின் வளர்ச்சி உட்பட' அல்லது 'நீங்கலாக'. ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதற்குக் கல்சிய உச்சம் 1000 கிலோகலோரிக்கு 4.5 கிராம், இரண்டாவதற்கு 6.25. அந்தச் சொல்லை இத்தனை காலமும் பையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் தேடினோம். நம்மூர்க் கடைகளில் பையை வெட்டி, கிலோக் கணக்கில் பொலித்தீனில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் கடையிலேயே நின்றுவிடுகின்றன. 2022 விலையேற்றத்துக்குப் பிறகு முழுப் பை வாங்க வசதியில்லாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பெருநாய்க் குட்டிகளின் எடையைப் பற்றி மிருகவைத்தியர்களான நமக்குள் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாக வளர்த்து, ஒரு பாதிக்கு 25 வீதம் குறைவாக உணவு கொடுத்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. மெலிந்தவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டும் அவற்றுக்கே நன்றாக இருந்தது. வோல்தம் ஆய்வு நிறுவனத்தின் குட்டி வளர்ச்சி வரைபடங்கள் வளர்ந்த எடை 40 கிலோவோடு நின்றுவிடுவதால் ஆண் றொட்வைலருக்கும் கிரேட் டேனுக்கும் அவை உதவா. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, அந்தக் குட்டிக்கே ஒரு கோடு கீறுங்கள். மேடைத் தராசு இல்லையென்றால் வீட்டுக்காரர் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்கட்டும், பிறகு தனியே நிற்கட்டும், கழித்துக்கொள்ளுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும். 'கொழுகொழு' என்றிருக்கும் குட்டிக்கு நல்ல விலை வரும். மூட்டுக்கு நல்லதல்ல.

இனி நான் சொல்லவந்த விஷயம், கல்சியம்.

சில மாதங்களுக்கு முன் ஐந்து மாத றொட்வைலர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்கால் இரண்டும் வில்லாக வளைந்து, பாதம் வெளியே திரும்பியிருந்தது. வந்தவர் கதிரையில் இருக்குமுன்னே, "டொக்டர், கால் கோணுது, இன்னும் நல்ல கல்சியமா ஒண்டு எழுதித் தாங்கோ" என்றார். எக்ஸ்ரேயில் அல்னாவின் கீழ்முனையில் எலும்பாகாத குருத்தெலும்பு மெழுகுதிரிச் சுடர்போல மேலெழுந்து நின்றது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். குட்டிக்கான பை உணவு, அதன்மேல் காலையில் ஒரு தேக்கரண்டி முட்டைக்கோதுத் தூள், இரவில் சிரப். கால் வளைய வளைய அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அன்போடுதான்.

கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு குட்டி: நாலு மாதம், 18 கிலோ, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1300 கிலோகலோரி. பையில் 1000 கிலோகலோரிக்கு 3.75 கிராம் கல்சியம் என்றால் அதிலேயே 4.9 கிராம் போய்ச் சேர்ந்துவிட்டது. உச்சம் 5.85. மிச்சம் ஒரு கிராமுக்கும் கீழே. ஒரு தேக்கரண்டி கோதுத் தூள் 5 கிராம் என்று வைத்தால் அதில் கல்சியம் கிட்டத்தட்ட 1.9 கிராம். சிரப்பை நான் இன்னும் கூட்டவேயில்லை. ஆறு மாதம்வரை குட்டியின் குடலுக்கு வேண்டாததை வெளியே விடத் தெரியாது. உட்ரெக்டில் ஹேஸ்விங்கல் குழு 1985இல் 3.3 வீதக் கல்சியம் கொடுத்து வளர்த்த கிரேட் டேன்களில் இதே குருத்தெலும்புக் கோளாறுகளைக் காட்டி நாற்பது ஆண்டாகிறது.

சோறும் எலும்பில்லாத இறைச்சியும் மட்டும் தின்னும் குட்டிக்குக் கல்சியம் உண்மையிலேயே போதாது. பொஸ்பரஸ் ஏறி, எலும்பு பஞ்சாகி முறியும். அதற்கு நிறுத்து அளந்த கல்சியம் வேண்டும், மறுக்கவில்லை. சூடை மீனை முள்ளோடு அவித்துப் பிசைந்து கொடுக்கும் வீட்டில் கதை வேறு. குட்டியை வெயிலில் கட்டினால் எலும்பு உறுதிப்படும் என்பவர்களுக்கும் பதில் சொல்லுங்கள்: நாயின் தோல் போதுமான டி உயிர்ச்சத்தை ஆக்காது, அது உணவிலிருந்துதான் வரவேண்டும். கிண்ணத்தில் என்ன விழுகிறது என்று கேட்காமல் போத்தலை எழுதக்கூடாது. தடுப்பூசி போட்டு அனுப்பும்போது 'கையோடு ஒரு போத்தல்' கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்தவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் நம் தலையில் போடமுடியாது. இலங்கையின் விலங்குணவுச் சட்டம் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். அப்போது யாழ்ப்பாணத்தில் றொட்வைலருக்கு இறக்குமதிப் பை என்பது கனவிலும் இல்லை. 1992ஆம் ஆண்டு விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ் வரும் இறக்குமதி அனுமதி கிருமியைத் தேடுகிறது. குட்டியின் எலும்பைப் பற்றி யார் கேட்கிறார்கள்? பெருநாய்க் குட்டிக்கு ஆகும், ஆகாது என்ற ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் சொல்ல எவ்வளவு செலவாகும்? கல்சியப் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் தனிமக் கல்சியம் என்று தெளிவாக அச்சிடச் சொல்ல எந்த ஆணைக்குழு வேண்டும்? பொறுப்பான ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். முதற்கடிதத்துக்குப் பதிலில்லை. இரண்டாவதற்கு, ஆங்கிலத்தில் எழுதி அனுப்புமாறு தொலைபேசியில் சொன்னார்கள். தமிழ் அரசகரும மொழியாகி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. நானும் அதே அரசின் பதிவுபெற்ற வைத்தியன்தான்.

மூன்றாவது கடிதத்தைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அதோடு இணைக்க உங்கள் நோயாளர் அட்டைகள் வேண்டும்: இனம், வயது, எடை, உடல்நிலைப் புள்ளி, பையின் பெயர், சில்லறையில் வாங்கியதா, மேலதிகக் கல்சியம் என்ன, எத்தனை கரண்டி. கால் வளைந்த குட்டிகள் மட்டுமல்ல, நேராக நிற்பவையும் வேண்டும். வீட்டுக்காரரின் பெயரை மறைத்து அனுப்புங்கள். மாத முடிவில் கட்டிப் பதிவுத் தபாலில் போடுவேன்.