வீட்டின் பெறுமதி

ஒரு வீட்டின் பெறுமதியை எதைக்கொண்டு அளப்பது? இரங்கூன் மொகல் தெருவில் வாழ்ந்த எம்மவர் அதனை நன்கறிவர். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின; மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதனவாயின. செல்வராயிருந்தோரும் வெறுங்கையராய்க் கப்பலேறினர்.

அத்தெரு இன்று ஷ்வே பொந்தா எனப்படுகின்றது. அங்கு மாடியொன்றுக்கு விலை பேசும் தரகர் சதுர அடியைக் கணக்கிடுவார். அருகிலுள்ள காளி கோயிலையும், படிக்கட்டில் நலம் விசாரித்த அயலாரையும் கணக்கில் சேர்க்கமாட்டார். இழந்த நாமே அவற்றின் விலையறிவோம்.

பெற்றோரே, விட்டுவந்த வீட்டின் தெருவையும் இலக்கத்தையும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுங்கள். பத்திரமிருப்பின் பேணுங்கள். இன்றிருக்கும் குடிசையின் அயலாரையும் உறவாக்குவோம். பணம் செல்லாதுபோன நாளிலும் செல்லுபடியானது அவ்வுறவொன்றே.