விலாசத்திற்கு இடங்காட்டும் கணிப்பொறி

ஆம்புலன்ஸ் வண்டியை அனுப்பும் அலுவலருக்கும், புதிய ரேஷன் கடைக்கு இடம் தேடும் அதிகாரிக்கும், காய்ச்சல் பரவும் தெருக்களைக் கண்டறிய முயலும் சுகாதார ஆய்வாளருக்கும் முதற்கண் தேவைப்படுவது ஒன்றே. ஏட்டில் எழுதப்பட்டுள்ள விலாசம் நிலத்தின்மீது எவ்விடத்தில் உள்ளது என்பதே அது. எழுத்தாக உள்ள விலாசத்தை அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய இரு எண்களாக மாற்றித் தரும் பணிக்கு ஜியோகோடிங் என்று பெயர். சிறிய பணியாகத் தோன்றினும், பொதுமக்களுக்கான சேவைகள் பலவும் இதன்மீதே நிற்கின்றன. இப்பணியைச் செய்யும் சர்வரையும் அதன் தரவுத்தளத்தையும் அரசாங்க நிறுவனங்கள் தம் பொறுப்பிலேயே நிறுவி நடத்துதல் வேண்டும் என்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன.

கட்டணம் பெற்று இதனைச் செய்து தரும் வணிக நிறுவனங்கள் உண்டு. இலவசமாகச் செய்து தரும் பொதுச் சர்வர்களும் உண்டு. விடுதியைத் தேடும் பயணிக்கு அவை போதும். ஆனால் காசநோயாளிகளின் விலாசங்களை வரிசையாக வெளியாரின் கணிப்பொறிக்கு அனுப்புவது முற்றிலும் வேறு விஷயம். பெயரை நீக்கிவிட்டு அனுப்பினாலும், வீட்டு விலாசமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். கணிப்பொறிகளில் சேரும் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கப் பாராளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியிருக்கும்போது, இவ்விஷயத்தில் அலட்சியம் கூடாது.

இரண்டாவது காரணம் வேலையின் அளவு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் பூகோளப் படத்தின் இலவசச் சர்வர், ஒருவரிடமிருந்து வினாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் ஏற்பதில்லை. பத்து லட்சம் விலாசங்களை அந்த வேகத்தில் கேட்டு முடிக்கப் பதினோரு நாட்களுக்கு மேல் ஆகும். அன்றியும், நன்கொடையால் நடைபெறும் அச்சர்வரின்மீது அத்தகைய சுமையை ஏற்றுவது முறையுமன்று.

மேற்கூறிய பூகோளப் படம் 2004-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பெற்றது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தத்தம் ஊர்களின் தெருக்களையும் கட்டடங்களையும் அதில் பதிந்து வருகின்றனர். மூலத்தைக் குறிப்பிடுதல் வேண்டும், படத்தின் தரவுகளைத் திருத்தி அமைத்த தரவுத்தளத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் அதனையும் அதே நிபந்தனையுடன் வழங்குதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடுகளுடன் எவரும் அதனை எடுத்தாளலாம். அப்படத்தில் விலாசம் தேடித் தரும் திட்டநிரல் நாமினட்டிம் எனப்படும். ‘பெயரால்’ என்று பொருள்படும் லத்தீன் சொல் அது.

அதனை நிறுவும் முறையை அறிந்தால் அச்சம் நீங்கும். முதலில் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமும், நிலத்தின் வடிவங்களைக் கையாள அதற்குத் துணையாகும் போஸ்ட்ஜிஸ் என்னும் பகுதியும் நிறுவப்படும். பின்னர்ப் பூகோளப் படத்தின் கோப்பு அதில் ஏற்றப்படும். அடுத்து வருவதே நீண்ட வேலை. ஒவ்வொரு வீடும் எத்தெருவைச் சேர்ந்தது, அத்தெரு எவ்வூரில் உள்ளது, அவ்வூர் எம்மாவட்டத்திற்குள் அடங்குகிறது என்று கணித்து, பெரிய இடத்திலிருந்து சிறிய இடம் வரை தரவுத்தளம் படிப்படியாக அட்டவணையிடும். பெயர்களிலுள்ள சொற்களெல்லாம் தனியே பிரித்துப் பதியப்படும். இது முடிந்தபின் வரும் கேள்விக்கு விடை நொடிப்பொழுதில் கிடைக்கும். உலகம் முழுமைக்கும் நிறுவுவதானால் ஏறத்தாழ 1 டெராபைட் சேமிப்பிடமும், 128 கிகாபைட் நினைவகமும், வேகமிக்க வட்டுகளும், சில நாள் பொறுமையும் வேண்டும். இந்தியாவை மட்டும் ஏற்றுவதற்கு இதில் ஒரு சிறு பங்கே போதுமானது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். படத்தை ஏற்றும் வேலை விரைவாக முடியும்பொருட்டு, எழுதப்பட்டவை வட்டில் உறுதியாகப் பதிந்தனவா என்று சரிபார்க்கும் தரவுத்தளப் பாதுகாப்புகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் அவற்றை மீண்டும் இயக்க மறந்துவிட்டால், மின்சாரம் ஒருமுறை தடைப்பட்டாலும் தரவுத்தளம் முழுதும் சிதைந்து போகலாம். மின்தடை அபூர்வமல்லாத நாட்டில் இதனைச் சிறு விஷயமாகக் கொள்ளலாகாது. கேள்விகளுக்கு விடையளிக்கும் பகுதிக்குத் தரவுத்தளத்தைப் படிக்கும் உரிமையை மட்டும் தருவதும், எந்தெந்த விலாசம் கேட்கப்பட்டது என்னும் குறிப்பேட்டை நெடுநாள் வைத்திராமல் அழிப்பதும் அவ்வாறே இன்றியமையாதவை. விலாசங்கள் வெளியே செல்லாதிருக்கவே சொந்தச் சர்வர் நிறுவப்படுகிறது. அக்குறிப்பேடு கசிந்தால் அந்நோக்கமே கெடும்.

சர்வரை நிறுவுவது கடினமன்று எனின், உண்மையான கடினம் எங்குள்ளது? நம் விலாசங்களில்தான். பெங்களூரில் மெயின், கிராஸ் என்று எண்ணிட்ட தெருக்கள், சண்டிகாரில் செக்டர்கள், கேரளத்திலோ வீட்டுப் பெயரே விலாசத்தின் தலைப்பு. கிராமங்களில் ‘கோயிலுக்கு எதிரில்’, ‘பழைய பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்புறம்’ என்று எழுதினால் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார், கணிப்பொறி திகைக்கும். வீடு பதியப்படாதிருப்பின் அது தெருவின் இடத்தையும், தெருவும் இல்லையெனில் ஊரின் நடுப்புள்ளியையும் விடையாகத் தரும். இதில் பெரும் அபாயம் உண்டு. ஓர் ஊரின் நாற்பது நோயாளிகளும் நடுப்புள்ளியிலேயே குறிக்கப்பட்டால், அங்குள்ள கிணற்றின்மீது வீண் பழி விழும். நோயின் மெய்யான ஊற்று வேறெங்கோ மறைந்திருக்கும். ஆதலால் ஒவ்வொரு விடையுடனும் அது வீட்டளவில் கிடைத்ததா, தெருவளவிலா, ஊரளவிலா என்பதையும் சேர்த்தே பதிந்து வைத்தல் வேண்டும்.

1854-ஆம் ஆண்டில் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தோரின் வீடுகளைப் படத்தில் குறித்து, ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே மரணங்கள் மிகுந்திருப்பதைக் காட்டினார். அவ்வட்டாரத்தை நன்கறிந்த ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார், வீடுவீடாகச் சென்று விசாரித்து அம்முடிவுக்கு வலிமை சேர்த்தார். படமும் வட்டார அறிவும் சேர்ந்தே உண்மையை நிலைநாட்டின. சொந்தச் சர்வரின் மிகப் பெரிய நன்மையும் இதுவே. கிராமச் செவிலியரோ தபால்காரரோ ஒரு தவற்றைக் கண்டால், அதனைப் பொதுப் படத்தில் திருத்தலாம். நாள்தோறும் வெளிவரும் மாற்றங்களை ஏற்கும் சர்வரில் அத்திருத்தம் விரைவில் வந்து சேரும். பொதுப் படத்தில் இடுவதற்கு ஏற்காத விவரங்களை அலுவலகத்திற்கு உள்ளேயே தனி அட்டவணையாக வைத்துக்கொள்ளவும் இயலும். வணிக நிறுவனத்தின் மூடிய ஏட்டில் இவ்வுரிமை அலுவலகத்திற்கு இல்லை.

தபால் துறையின் குறியீடுகள் இருக்கையில் இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஆறிலக்கப் பின்கோடு, ஒரு தபால் நிலையம் பட்டுவாடா செய்யும் பகுதியைக் குறிப்பது. அதனுள் பல கிராமங்கள் அடங்கலாம். 2025-ஆம் ஆண்டில் தபால் துறை வெளியிட்ட டிஜிபின் நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. போற்றத்தக்க முயற்சியே அது. ஆயினும் அக்குறியீடு அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணிக்கப்படுவது. எழுத்தாக உள்ள பழைய விலாசத்திலிருந்து தானாக வருவதன்று. மருத்துவமனை ஏடுகளிலும் ரேஷன் அட்டைகளிலும் உள்ள கோடிக்கணக்கான விலாசங்களுக்கு அதனைப் பொருத்துவதற்கும் முதலில் இடங்காட்டும் கருவி ஒன்று தேவை.

செலவையும் ஆள் பற்றாக்குறையையும் காட்டி எழுப்பப்படும் மறுப்பு நியாயமானது. ஒவ்வொரு தாலுகா அலுவலகமும் தனிச் சர்வர் நிறுவ வேண்டுமென எவரும் கூறார். மாநிலத்திற்கு ஒன்று போதும். அம்மாநிலத்தின் எல்லாத் துறைகளும் அதனையே பயன்படுத்தலாம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குப் பின், பூகோளத் தரவுகளைத் திரட்டவும் பயன்படுத்தவும் இந்திய நிறுவனங்களுக்கு இருந்த தடைகள் பெரிதும் நீங்கியுள்ளன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நாட்டின் எல்லைகளைப் பொறுத்தமட்டில், 1767-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சர்வே ஆஃப் இந்தியாவின் கோடே அதிகாரபூர்வமானது. பொதுப் படத்தில் காணும் கோடு அதனின்று மாறுபடலாம். அரசாங்க வெளியீடுகளில் இவ்வேறுபாட்டைச் சரிசெய்த பின்னரே படத்தைப் பயன்படுத்த வேண்டும்.

யந்திரம் வாங்க ஒருமுறை பணம் ஒதுக்குவது எளிது. அதனைப் பேணும் ஊழியருக்கு ஆண்டுதோறும் சம்பளம் ஒதுக்குவதில்தான் தயக்கம் நேர்கிறது. மாற்றங்களை ஏற்காத தரவுத்தளம் பழைய பஞ்சாங்கம் போன்றது. புதிதாகத் தோன்றிய குடியிருப்பு அதில் இராது, பெயர் மாறிய தெரு பழைய பெயரிலேயே நிற்கும். ஆகவே சர்வருக்கு அனுமதி வழங்கும் ஆணையிலேயே அதற்கான நிரந்தர ஊழியருக்கும் அனுமதி வழங்குதல் வேண்டும். இடம் ஏற்கெனவே ஐயமறத் தெரிந்த சில நூறு விலாசங்களைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறை அதனைச் சோதித்து, எத்தனை சரி, எத்தனை பிழை என்று வெளியிடுவதும் அவ்வூழியரின் கடமையாதல் வேண்டும். குடிமகன் தன் விலாசத்தை அரசாங்கத்திடம் நம்பிக் கொடுக்கிறான். அதனைச் சரியாகப் படித்தறிவதும், பிறர் கையில் சிக்காமல் காப்பதும் அந்நம்பிக்கைக்கு அரசாங்கம் செலுத்த வேண்டிய கடனாகும்.