வெளிநாட்டுத் துணையை அழைத்து வர ஒரு சம்பளம் போதுமா?

பாலிங் - தமிழ்நாட்டில் பெண் எடுப்பதும், அங்கிருந்து மாப்பிள்ளை பார்ப்பதும் நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஜாதகம், நகை, மண்டபம் என்று எல்லாவற்றையும் பேசி முடிக்கும் பெரியவர்கள், ஒரு கேள்வியைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டுத் துணையை இங்கே அழைத்து வந்து குடும்பம் நடத்த எவ்வளவு வருமானம் வேண்டும்?

சில நாடுகளில் இதற்கு நேரடியான பதில் உண்டு. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டு, துணையை அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டாக உயர்ந்தது. அங்கே குறைந்தபட்ச சம்பளத்தில் முழுநேரம் வேலை செய்பவரின் வருமானம்கூட இந்த வரம்பைத் தொடாது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரிலும் கணக்கு கறாரானது. அங்கே எஸ் பாஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வேலை அனுமதியில் இருப்பவர், மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான சம்பளம் வாங்கினால்தான் மனைவியையோ கணவனையோ சார்ந்தோர் அனுமதியில் அழைத்துக்கொள்ள முடியும். சாதாரண வேலை பெர்மிட்டில் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த வழியே கிடையாது.

நம் நாட்டில் நிலைமை வேறு. குடிநுழைவுச் சட்டத்தில் 'இத்தனை ரிங்கிட் வருமானம்' என்ற வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. கேட்பதற்கு இது நிம்மதியாக இருக்கலாம். ஆனால் எண் இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

மலேசியரை மணந்த வெளிநாட்டவருக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதி வழங்கப்படுகிறது. இதற்கு மலேசியக் கணவனோ மனைவியோ பொறுப்பேற்க வேண்டும். முதல் விண்ணப்பத்தின்போது இருவரும் நேரில் வர வேண்டும். பிணைப் பத்திரமும் கொடுக்க வேண்டும். திருமணம் முறையாகப் பதிவாகியிருப்பதும் அவசியம். 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் திருமணம் செல்லாது. பதிவு செய்தாக வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான பணச் சோதனை தொடங்குகிறது. இந்த அனுமதியில் வருபவர் எடுத்த எடுப்பிலேயே வேலைக்குப் போக முடியாது. வேலை கொடுக்க ஒரு முதலாளி முன்வர வேண்டும், பிறகு குடிநுழைவுத் துறையிடம் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை வீட்டில் ஒரு சம்பளம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போனால் மிஞ்சுவது 1,513 ரிங்கிட். சொக்சோ பிடித்தம் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். புள்ளிவிவரத் துறையின் 2022-ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி தேசிய வறுமைக்கோட்டு வருமானம் ஒரு குடும்பத்திற்கு 2,589 ரிங்கிட். இது சராசரிதான், குடும்பத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்து மாறும். ஆனாலும் பிள்ளை பிறந்து, தாய் தகப்பனும் உடன் இருக்கும் வீட்டில் ஒரு 1,700 எந்தப் பக்கம் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருவரும் சம்பாதித்தால் 3,400 ரிங்கிட். அதே குடும்பம் வறுமைக்கோட்டைத் தாண்டிவிடுகிறது.

ஆக, நம் நாட்டின் விதி வருமான வரம்பு போடவில்லை, ஆனால் இரண்டாவது வருமானத்துக்குத் தடை போடுகிறது. குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அவருக்குத் தோள் கொடுக்க வந்தவரின் கையைக் கட்டிவைப்பது என்ன நியாயம்?

பிரிட்டனின் வருமான வரம்பைக் கடுமையானது என்று விமர்சிக்கலாம். ஆனால் அங்கே வாழ்க்கைத்துணை விசாவில் நுழைந்தவர் உடனே வேலை தேடலாம். வாசலில் கெடுபிடி காட்டினாலும், உள்ளே வந்தவரை உழைக்க விடுகிறார்கள். இங்கே அது தலைகீழாக இருக்கிறது.

இந்தச் சுமை நம் பெண்களுக்கு இன்னும் அதிகம். மலேசிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண், நிபந்தனைகளை நிறைவு செய்தால், கூட்டரசு அரசியலமைப்பின் 15-ஆவது விதியின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அந்த விதியில் இடமில்லை. நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு விண்ணப்பிக்கவே அவர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே தங்கியிருக்க வேண்டும். கையுறைத் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்யும் ஒரு பெண், அத்தனை காலம் கணவனுக்கும் சேர்த்துப் பொறுப்பாளி.

பாலிங், கூப்பாங், கோல கெட்டில் வட்டாரக் குடும்பங்கள் நிச்சயத்துக்கு முன்பே சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. முதல் ஓராண்டை ஒரே சம்பளத்தில் ஓட்ட முடியுமா? வாடகை, பயணம், அனுமதியைப் புதுப்பிக்கும் செலவு, மருத்துவச் செலவு ஆகியவற்றுக்குக் கையிருப்பு உண்டா? அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம் நம்முடையதைவிட அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. துணைக்கு வேலை கொடுக்கத் தயாராக இருக்கும் முதலாளியை முன்கூட்டியே பார்த்து வைத்தால், வேலை ஒப்புதலுக்கு விண்ணப்பிப்பதில் வீணாகும் மாதங்கள் குறையும். ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன், குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

நம் மக்கள் பிரதிநிதிகளும் இதைக் கவனிக்க வேண்டும். நம் குடும்பங்கள் சலுகைத் தொகை எதையும் கேட்கவில்லை. முறைப்படி பதிவு செய்து, பொறுப்பேற்று அழைத்து வந்த துணைக்கு, அனுமதி கிடைத்த அன்றே வேலை செய்யும் உரிமையும் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அரசாங்கத்துக்கு இதில் செலவு ஏதும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கோ, அந்த இரண்டாவது சம்பளம் இல்லாமல் குடும்பம் நிமிராது.