அன்னதானச் சுடுதண்ணி: தொண்டர்கள் நாங்க சொல்றது

நம்ம கிள்ளான் கோயில் மண்டபத்துக்கு வெளியே விறகு உலை வச்சு, பைப் வழியா சுடுதண்ணி கொண்டு வரலாம்னு பேச்சு நடக்குது. நாங்க எதிர்க்கல. தைப்பூசத்துக்கு உள்ளே புகையில நின்னு கண்ணு எரிஞ்சவங்க நாங்கதான்.

ஆனா உலைத் தண்ணியை நேரா அண்டாவுல விடக் கூடாது. செலவு மிச்சம்னு சிலர் சொல்றாங்க. இரும்பு உலை துருப் பிடிக்காம இருக்க அந்தத் தண்ணியில மருந்து கலப்பாங்க. அதுல பருப்பு வேகவைக்க முடியுமா? நடுவுல ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேணும். தகட்டுக்கு ஒரு பக்கம் உலைத் தண்ணி, மறுபக்கம் குழாய்த் தண்ணி. சூடு மட்டும் தாண்டும், தண்ணி கலக்காது. ரெண்டும் எதிரெதிரா ஓடணும். ஒரே திசையில விட்டா சூடு குறைவாத்தான் ஏறும். தகடு ஓட்டையானா என்ன செய்றது? அதுக்குத்தான் இரட்டைச் சுவர் வகை. விலை கூடினாலும் அதையே வாங்கணும்.

இன்னொண்ணு, உலையை இறுக்கி மூடக் கூடாது. காத்துப்போக்கி திறந்தே இருக்கணும். அழுத்தம் ஏறினா அது பாய்லர் ஆயிடும். செம்பனை ஆலையில நாரும் ஓடும் எரிக்கிற பாய்லரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், லைசன்ஸ் உள்ள ஆள் இல்லாம அதைத் தொடவே விடமாட்டாங்க. ஷீரடியில 2009லயே சூரிய வெப்பத்துல நீராவி எடுத்துச் சமைக்கிறாங்களேன்னு கேக்கலாம். அது பெரிய இடம்ங்க.

கூட்டத்துல குறைஞ்ச விலை கொட்டேஷனை வாசிக்கும்போது, எக்ஸ்சேஞ்சர் அதுல இருக்கான்னு தயவுசெஞ்சு கேளுங்க.