லிட்டருக்கு எத்தனை கிராம்?

மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட்டைக் கையில் எடுப்பவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். கவனமானவர்கள் தேதியையும் பார்க்கிறார்கள். நிகர அளவு என்ற பொடி எழுத்து வரியைப் படிப்பவர்கள் குறைவு. 2022 வரை சில தயாரிப்பாளர்கள் அந்த வரியில் ஒரு விசித்திரமான குறிப்பைச் சேர்த்து வந்தார்கள்: 1 லிட்டர், 60 டிகிரி செல்சியஸில். எந்த வீட்டு அலமாரியில் 60 டிகிரி சூடு இருக்கிறது?

விஷயம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சூடானால் எண்ணெய் விரியும், ஆறினால் சுருங்கும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் தந்த கணக்கின்படி, 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம்தான். வித்தியாசம் 26.5 கிராம். 60 டிகிரியில் அளந்த லிட்டர், 21 டிகிரிக்கு ஆறியதும் சுமார் 971 மில்லிலிட்டராகிவிடும். பாக்கெட்டிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. அச்சிட்டதும் பொய்யில்லை. ஆனால் நஷ்டம் வாங்கியவருக்கு.

ஆறாம் வகுப்பு அறிவியலில் படித்து மறந்த பாடம் இது. ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் பருமன். அதில் அடங்கியிருக்கும் பொருளின் அளவு நிறை. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் பருமனில் சமம். உலையில் போட்டால் தெரியும் வித்தியாசம். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்று பலர் நினைப்பதற்குக் காரணம் தண்ணீர். அந்தக் கணக்கு தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு லிட்டர் பால் சுமார் 1,030 கிராம். சமையல் எண்ணெய் சுமார் 910. தேன் ஏறக்குறைய 1,400.

மூன்றாவது ஆசாமி எடை. கடைக்காரர் 'ஒரு கிலோ எடை' என்று சொல்வது பேச்சு வழக்கு. கிலோகிராம் நிறையின் அலகு. எடை என்பது அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசை. அதன் அலகு நியூட்டன். ஒரு கிலோ சர்க்கரை நிலாவுக்குப் போனாலும் ஒரு கிலோதான். எடை மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிடும். பூமியிலேயேகூட நிலநடுக்கோட்டில் இருப்பதைவிட துருவத்தில் எடை சுமார் அரை சதவீதம் கூடுதல். இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தக் கவலை இல்லை. இரு தட்டுகளையும் ஒரே ஈர்ப்புவிசை இழுப்பதால் அது நிறையை நிறையோடு ஒப்பிடுகிறது. மின்னணுத் தராசு உணர்வது விசையை. எனவே அதைப் பயன்படுத்தும் இடத்திலேயே படிக்கற்களை வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது வீண் சந்தேகமல்ல.

எண்ணெய் விவகாரத்தில் துறை சொன்ன தீர்வும் இந்தப் பாடம்தான். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை அச்சிட வேண்டும். லிட்டரோடு கிராமையும் போட வேண்டும். இதற்கு 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தரப்பட்டது. லிட்டர் சூட்டுக்குத் தகுந்தபடி கூடும், குறையும். கிராம் அசையாது. இரண்டு பாக்கெட்டுகளில் எது மலிவு என்று தெரிய வேண்டுமானால், விலையை வகுக்க வேண்டியது கிராமால்தான்.